மாணவி நோயாளியைத் தொடலாமா என்பது குறித்து

அனுப்புநர்:
நூற்பட்டியல் அலுவலர்,
பொது நூலகம், முதல் தளம்
(வாசிப்பறைக்குப் பின்புறம்).

பெறுநர்:
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
விசா பிரிவு,
துணைத் தூதரகம்.

பொருள்: மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவியான என் மகளின் எட்டு வார வெளிநாட்டுப் பயிற்சிக்கு உரிய விசா எது என்று தங்கள் அலுவலகம் பதினோரு வாரங்களாகத் தேடி வருவது – தேடுதலை முடித்துவைக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. என் மகளின் விண்ணப்பம், ஜூன் 9.
2. அதே விண்ணப்பம், வேறு கவுன்டர், ஜூன் 11.
3. அதே விண்ணப்பம், மற்றொரு கவுன்டர், ஜூன் 26.
4. அதே விண்ணப்பம், ஆகஸ்ட் 4 மற்றும் ஆகஸ்ட் 12.

ஐயா / அம்மையீர் (தங்கள் அறைப் பலகையில் பதவி மட்டுமே எழுதப்பட்டுள்ளது, பொருந்தாததை அடித்துவிடவும்),

1. கடந்த ஜூன் மாதம் ஒன்பதாம் நாள் முற்பகல் பதினொன்றேகால் மணிக்குத் தங்கள் அலுவலகம் ஒரு முடிவுக்கு வந்தது. என் மகளின் விண்ணப்பத் தாள்களைப் பின் அடித்து இணைக்க வேண்டிய இடம் வலது மேல் மூலை அல்ல, இடது மேல் மூலையே என்பது அம்முடிவு. அதை யாரும் அவசரத்தில் எடுக்கவில்லை. நான்காம் கவுன்டரில் இருந்த அம்மையார் தாள்களை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரைக் கலந்தார். அவர் மாடிக்குத் தொலைபேசியில் பேசினார். மாடியில் இருப்பவர் அந்நேரம் இருக்கையிலேயே இருந்தார் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன். பதினேழு நிமிடங்களில் விடை இறங்கி வந்தது. வலது மூலைப் பின் பிடுங்கப்பட்டது. இடது மூலையில் புதிய பின் ஏறியது. அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்ப சரியா இருக்கு" என்றார். எங்கள் விஷயத்தில் தங்கள் அலுவலகம் இன்றுவரை எடுத்துள்ள இறுதி முடிவு அது ஒன்றே என்பதால், இம்மனுவை அதிலிருந்து தொடங்குவதுதான் மரியாதை என்று கருதினேன்.

2. விஷயம் சிறியது. தங்கள் நாட்டு மருத்துவமனை ஒன்றில் தீக்காயம் பட்ட குழந்தைகளுக்கென்று ஒரு வார்டு உள்ளது. அதன் தலைமை மருத்துவர் என் மகளை எட்டு வாரப் பயிற்சிக்கு அழைத்திருக்கிறார். செப்டம்பர் ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு அவள் அங்கே இருக்க வேண்டும். ஊதியம் கிடையாது, பட்டம் கிடையாது. இருப்பது ஒரே இடம். அவள் வராவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு அது போய்விடும்.

3. தீக்காயம் பட்ட குழந்தைக்கு நாள் விட்டு நாள் கட்டு மாற்ற வேண்டும். எங்கள் ஊர் மருத்துவமனையில் அதற்கான அறை தாழ்வாரத்தின் ஒரு கோடியில் இருக்கிறது. கட்டு மாற்றும் நாளில் மறு கோடியில் மருந்து வாங்க நிற்பவர்கள் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைக்கச் சொல்வார்கள். என் மகள் ஒன்றரை ஆண்டு அந்த அறைக்குள் நின்றவள். தங்கள் நாட்டு வார்டில் குழந்தைகள் அப்படிக் கத்துவதில்லையாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் தளர்த்துவது, முதல் ஓரத்தைக் குழந்தையையே பிரிக்கவிடுவது, விரலை எங்கே எவ்வளவு அழுத்துவது என்று ஒரு செய்முறை வைத்திருக்கிறார்களாம். "இதைப் படித்தோ பார்த்தோ கற்க முடியாது, வந்து கையால் செய்து பழக வேண்டும்" என்று தலைமை மருத்துவர் எழுதியிருக்கிறார் (இணைப்பு 1). அழைப்பு வந்த நாள் முதல் என் மகள் என் இடது கையில் கட்டுப் போட்டுப் பழகி வந்தாள். சில நாட்கள் அவிழ்க்க நேரமின்றி அப்படியே நூலகத்துக்குப் போயிருக்கிறேன். எங்கள் அலுவலக உதவியாளர் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா?" என்று தனியாகக் கேட்டார்.

4. மேற்படி ஜூன் 9 அன்று, பின் விவகாரம் சுமுகமாகத் தீர்ந்த பிறகு, நான்காம் கவுன்டர் அம்மையார் என் மகளிடம், "அங்க போய் என்னம்மா பண்ணப் போற?" என்று கேட்டார். அவள் சுற்றுலா வகையில் விண்ணப்பித்திருந்தாள். தங்கள் வாசலில் உள்ள பலகை, ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்குவோர் அனைவரும் அவ்வகையில் விண்ணப்பிக்கச் சொல்கிறது. அவள் உண்மையைச் சொன்னாள்.

"குழந்தைங்களுக்குக் கட்டு மாத்துவேன் மேடம்."

"மாத்துவியா? கையாலயா?"

"பின்ன எதால மேடம்?"

"அப்ப அது வேலைம்மா. சுத்திப் பாக்குற விசாவுல போயி ஒருத்தர தொடக் கூடாது. ஏழாம் நம்பருக்குப் போ."

இந்த உரையாடலில் அம்மையாரின் குரலில் கடுமை சிறிதும் இல்லை. அவர் என் மகளைப் பார்த்து, "டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு, இது தெரியாம வந்து நிக்கிறியே" என்று அன்போடுதான் வருந்தினார்.

5. ஏழாம் கவுன்டர் வேலை விசாவுக்கு உரியது. அங்கே இருந்த இளைஞர் நல்ல டை கட்டியிருந்தார். அவருடைய முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பது. சம்பளம் இல்லை என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சம்பளம் இல்லாம யாராச்சும் வேல செய்வாங்களா சார்?" என்று என்னைக் கேட்டார். நான் இருபத்தாறு ஆண்டுகளாகப் பொதுத்துறையில் இருப்பவன். சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாதவர்களை மட்டுமே அறிவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய மேசையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். சம்பளச் சான்று இருந்தால்தான் தாளைத் தொட முடியும் என்றார் அவர். பேருக்காவது ஒரு தொகையைப் போட்டுத் தரும்படி மருத்துவமனைக்கு எழுதச் சொன்னார். எழுதினோம். பயிற்சி மாணவருக்குச் சம்பளம் கொடுப்பது தங்கள் நாட்டுச் சட்டப்படி குற்றம் என்று பதிமூன்று நாள் கழித்துப் பணிவாகப் பதில் வந்தது (இணைப்பு 2). ஆக, அவ்வலுவலர் எங்களைச் செய்யச் சொன்னது தங்கள் நாட்டில் குற்றமாகும் காரியம். அவர் அதை மிக மரியாதையாகச் சொன்னார்.

6. இரண்டாம் கவுன்டர் மாணவர்களுக்கு உரியது. ஜூன் 26 அன்று அங்கே சென்றோம். படிப்பின் பதிவு எண், கட்டண ரசீது, குறைந்தது ஆறு மாத காலம் ஆகிய மூன்றும் இல்லாமல் எவரும் மாணவர் ஆக முடியாது என்று அங்கிருந்த பெரியவர் விளக்கினார். என் மகள் ஐந்தாண்டு மருத்துவம் படித்தவள் என்ற என் வாதம் எடுபடவில்லை. அது இங்கே படித்தது, அங்கே படித்தது ஆகாதாம்.

"எட்டு வாரத்துல என்னம்மா படிச்சிட முடியும்?" என்றார்.

"உங்க ஆபீஸ்ல நின்னே மூணு வாரம் படிச்சிட்டேன் சார்" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். நல்ல மனிதர். விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

7. தங்கள் அலுவலகத்தின் கண்டுபிடிப்புகளைத் தொகுத்துச் சொல்ல அனுமதிக்கவும். என் மகள் கையால் தொடுவாள். ஆகவே அவள் பயணி அல்ல. சம்பளம் வாங்க மாட்டாள். ஆகவே ஊழியர் அல்ல. எட்டு வாரத்தில் திரும்பிவிடுவாள். ஆகவே மாணவி அல்ல. மூன்று கவுன்டர்களும் தத்தம் அளவில் சரியாகவே நடந்திருக்கின்றன. அவள் யார் அல்ல என்பதில் இவ்வளவு தெளிவான அலுவலகத்தை நான் கண்டதில்லை. என் தொழில் நூல்களுக்கு வகை எண் இடுவது. எந்த அலமாரியிலும் அடங்காத நூல் மாதம் ஒன்றாவது வருகிறது. அதை அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. வாசகர் ஒருவர் அதற்காகக் காத்திருக்கிறார் என்ற நினைப்பில் எங்காவது ஓர் இடம் கொடுத்துவிடுகிறோம்.

8. ஜூலை 3 அன்று மேற்பார்வையாளர் எங்களை உள்ளே அழைத்து நாற்காலி கொடுத்தார். இவ்விவகாரத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் நாற்காலி அது. அவர் சுற்றுலா விசாவையே தரத் தயாராக இருந்தார். ஒரே நிபந்தனை: என் மகள் எட்டு வாரமும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "தொடாம பாத்துட்டு வரட்டுமே சார், அதுல என்ன கஷ்டம்?" என்றார். தொடாமல் கட்டு அவிழ்ப்பது எப்படி என்று என் மகள் கேட்டாள். அவர் கண்ணை மூடி யோசித்து, "கையுறை போட்டுக்குவீங்கல்ல? அப்ப நேரடியா தொடற மாதிரி ஆகாதுல்ல?" என்றார். அலுவலகத்துக்குள் ஒரு புதிய சிந்தனை பிறந்ததைக் கண்ணெதிரே கண்ட மகிழ்ச்சியில் நாங்கள் இருவரும் தலையாட்டினோம். அவர் அதை எழுத்து மூலம் மாடிக்கு அனுப்பினார். ஒன்பது நாள் கழித்து மாடியிலிருந்து எழுத்து மூலம் பதில் வந்தது: கையுறையுடன் தொடுவதும் தொடுவதே (இணைப்பு 3). அதில் இரண்டு கையொப்பங்கள் உள்ளன.

9. அப்பதில் கிடைத்த அன்று வெளியே வந்து தங்கள் அலுவலகத்துக்கு எதிரே உள்ள நகல் எடுக்கும் கடையில் நின்றிருந்தோம். அக்கடையின் பக்கவாட்டில் ஒரு மேசை போட்டு ஏஜென்ட் ஒருவர் அமர்ந்திருப்பதைத் தாங்களும் ஜன்னல் வழியே பார்த்திருக்கக்கூடும். எங்கள் முகத்தைப் பார்த்தே அவர் கதையைப் புரிந்துகொண்டார்.

"மெடிக்கலா? தொடறதுல மாட்டிக்கிச்சா?" என்றார். "சார், பாத்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க. 'ஊர் சுத்திப் பாக்க'ன்னு ஒரு வரி எழுதுங்க, போதும். போன வருஷம் ஆறு பேர அனுப்பினேன். எல்லாரும் நல்லா ஊர் சுத்திட்டு டாக்டரா திரும்பி வந்துட்டாங்க."

என் மகள் அவரிடம் கோபப்படவில்லை. "அங்க யாராவது கேட்டா மாட்டிக்கிறது நான் மட்டும் இல்லண்ணா, அந்த வார்டும்தான். அப்பறம் யாரையும் கூப்பிட மாட்டாங்க" என்றாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். பொய்யான விசாவுக்கு அவர் கேட்ட நேரம் நான்கு நிமிடம் என்பதையும், உண்மையான விசாவுக்குத் தாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது பதினோரு வாரம் என்பதையும் ஒப்பீட்டுக்காக மட்டும் தருகிறேன்.

10. தங்கள் காத்திருப்புக் கூடத்தில், தண்ணீர் வடிகட்டிக்குப் பக்கத்து மேசையில், தங்கள் அரசின் விசா கையேடு ஒன்று மெல்லிய சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டுள்ளது. அதை யாரும் திருடிச் சென்றுவிடுவார்கள் என்ற அச்சம் வீண். திறந்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்து சத்தத்துடன் பிரிகின்றன. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். எந்தப் பொருள் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று அகர வரிசையில் காட்டும் பொருளடைவு அதில் இல்லை. ஜூலை 14 அன்று மகளுடன் அங்கே காத்திருந்தபோது நான் அதை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். 131ஆம் பக்கத்தில், மிருகக்காட்சிசாலைக்கு விலங்குகளைக் கொண்டுவருவோருக்கும் கரை இறங்கும் மாலுமிகளுக்கும் நடுவே, பிரிவு 18-இ உள்ளது. அதன் வாசகம் பின்வருமாறு: "மருத்துவம் பயிலும் மாணவர், ஊதியமின்றியும் பட்டமின்றியும், பன்னிரண்டு வாரங்களுக்கு மிகாமல், மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைத் தொட்டுப் பயிற்சி பெறுதல்."

தொட்டு என்றே உள்ளது. அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

11. கையேட்டைச் சங்கிலி எட்டும் தூரம் வரை இழுத்துத் தகவல் மேசைக்காரரை அழைத்துக் காட்டினேன். "அப்படி ஒண்ணு இருக்கா?" என்றார். விரல் வைத்துப் படித்துவிட்டு, "அட, இருக்கே!" என்று உள்ளே குரல் கொடுத்தார். நான்காம், ஏழாம், இரண்டாம் கவுன்டர்கள் மூன்றும் எழுந்து வந்தன. ஏழாம் கவுன்டர் தன் கைப்பேசியில் அப்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டது. நான்காம் கவுன்டர் அம்மையார் என் மகளின் தோளைத் தட்டி, "பாத்தியா, உனக்குன்னு ஒண்ணு இருக்கும்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். அவர் அவ்வாறு சொன்னதாக என் குறிப்பேட்டில் இல்லை. ஆயினும் அந்த நிமிடத்தில் அனைவரும் உண்மையாகவே மகிழ்ந்தார்கள் என்பதை மறுக்க மாட்டேன். என் மகள் அழைப்புக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். அப்போதுதான் கணினி திறக்கப்பட்டது.

"லிஸ்ட்ல 18-இ வரலையே" என்றார் தகவல் மேசைக்காரர். மாடியில் கேட்டுவிட்டு வந்து, "ஆறு வருஷமா யாருமே கேக்கல. அதான் எடுத்துட்டாங்களாம்" என்றார்.

"எடுத்துட்டா எப்படி சார் கேப்பாங்க?" என்றாள் என் மகள்.

"அதான் கேக்கலையே" என்றார் அவர்.

நான் நிறைய வாசிப்பவன். நிர்வாகவியலைப் பற்றி இதைவிடச் சுருக்கமான நூலை இதுவரை கண்டதில்லை.

12. அந்தப் பிரிவைக் கணினியில் மீண்டும் ஏற்றப் பதினெட்டு நாட்கள் ஆயின. ஆகஸ்ட் 4 அன்று என் மகள் உரிய வகையில், உரிய படிவத்தில், முப்பத்தொன்பது பக்கங்களில் விண்ணப்பித்தாள். அடுத்து நடந்ததற்கு நானே பொறுப்பு. அதைத் தங்கள் அலுவலகத்தின் மேல் சுமத்துவது நேர்மை ஆகாது.

13. காத்திருந்த நாட்களில் சும்மா இருக்க முடியாமல், மேற்படி கையேட்டுக்கு ஒரு பொருளடைவு தயாரித்திருந்தேன். இரண்டு பக்கம், நூற்று எண்பத்து நான்கு பதிவுகள், குறுக்குக் குறிப்புகளுடன். "தொடுதல் – காண்க: மருத்துவப் பயிற்சி, பக். 131." பரிசீலிக்கும் அலுவலருக்கு உதவியாக இருக்குமே என்று, மகளிடம் சொல்லாமல், அதையும் விண்ணப்பத்தின் பின்னால் வைத்துவிட்டேன். தங்கள் இயந்திரம் நாற்பது பக்கங்களுக்கு மேல் வாங்காது என்பது எனக்குத் தெரியாது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அது நின்றுவிட்டது. "பக்க மிகுதி" என்ற குறிப்புடன் விண்ணப்பம் ஆகஸ்ட் 12 அன்று தபாலில் வீடு வந்து சேர்ந்தது. எட்டு நாட்கள்.

என் மகள் உறையைப் பிரித்து, கடைசி இரண்டு தாள்களை உருவி மேசை மேல் வைத்தாள். "அப்பா, இத உங்கள யாரு கேட்டா?" என்றாள். மீதியை என் மனைவி சொன்னார். அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. குரல் கடைசி வரிசை வரை கேட்கும். "அவங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு புத்தகத்த எந்த அலமாரில வைக்கிறதுன்னு மூணு வாரம் யோசிக்கிற ஆளு, அவங்களப் போயி கேலி பண்றீங்க. நீங்க அந்தப் பக்கம் உக்காந்திருந்தா அவ இன்னும் நாலாம் நம்பர்லதான் நின்னுட்டிருப்பா." இதற்குத் தங்களிடம் பதில் இருந்தால் பதிலுரையில் குறிப்பிடவும்.

14. அன்றே முப்பத்தொன்பது பக்கங்களுடன் விண்ணப்பம் மீண்டும் சமர்ப்பிக்கப்பட்டு, இயந்திரத்தால் ஏற்கப்பட்டது. அன்று முதல் அதன் நிலை "பரிசீலனையில்" என்று தங்கள் இணையதளம் தெரிவிக்கிறது. நேற்று, ஆகஸ்ட் 25 அன்று, பரிசீலிப்பது யார் என்று நேரில் கேட்க வந்தோம். என் மகள் உருவிப் போட்ட பொருளடைவு தகவல் மேசைக்கு மேல், கண்ணாடித் தாளுக்குள் அழகாக ஒட்டப்பட்டிருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கமாக அதை வாங்க மறுத்த அலுவலகம், அதற்கு முன்பே நகல் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. "ரொம்ப யூஸ்ஃபுல்லா இருக்கு சார். அதப் பாத்து இன்னும் மூணு பேரு 18-இ போட்டிருக்காங்க" என்றார் தகவல் மேசைக்காரர்.

15. அந்த நான்கு விண்ணப்பங்களும் எங்கே இருக்கின்றன என்பதையும் பார்த்தோம். உள்ளே மூன்று தட்டுகள் உள்ளன: சுற்றுலா, வேலை, படிப்பு. 18-இக்குத் தட்டு இல்லை. ஆகையால் அவை ஜன்னல் விளிம்பில், அச்சு இயந்திரத்துக்கு வாங்கிய வெற்றுத்தாள் கட்டு ஒன்றின் அடியில், காற்றில் பறக்காதபடி வைக்கப்பட்டுள்ளன. என் மகள் தன் புகைப்படத்தின் ஓரத்தைக் கண்டுபிடித்துக் காட்டினாள். அவளுடைய பாஸ்போர்ட்டும் அதனுள்தான் இருக்கிறது. நான்காம் கவுன்டர் அம்மையாரிடம் அதை எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டோம். "எடுத்தா நான்தானேம்மா பதில் சொல்லணும்" என்றார். 18-இக்குக் கையொப்பமிடும் அலுவலர் ஆறு ஆண்டுகளுக்கு முன் மாற்றலாகிப் போனவர். பிரிவு பட்டியலில் இல்லாததால் அவ்விடத்துக்கு வேறு யாரும் நியமிக்கப்படவில்லை. பிரிவு இப்போது பட்டியலில் இருக்கிறது. அலுவலர் இல்லை.

ஆக, நோயாளியைத் தொடலாமா என்று தொடங்கிய விவகாரம், விண்ணப்பத்தைத் தொடலாமா என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இம்முறை கையுறையைப் பற்றி யாரும் பேசவில்லை.

16. வார்டின் தலைமை மருத்துவர் கடந்த வாரம் என் மகளுக்கு எழுதியிருக்கிறார் (இணைப்பு 4). நாளை, ஆகஸ்ட் 27 மாலை ஐந்து மணிக்குள் விசா உறுதியானால் மட்டுமே இடத்தை அவளுக்காக வைத்திருக்க முடியும் என்கிறார். படுக்கைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆட்கள் தேவை, அதற்கு மேல் தள்ள வழியில்லை என்று வருத்தம் தெரிவித்திருக்கிறார். அக்கடிதம் வந்ததிலிருந்து என் மகள் என் கையைக் கேட்பதில்லை. காலையில் மருத்துவமனைக்குப் போகிறாள், கட்டு மாற்றும் அறையில் நிற்கிறாள், திரும்பி வருகிறாள். அறையில் இப்போது ஆறு வயதுக் குழந்தை ஒன்று இருக்கிறதாம். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி சாய்ந்தது. கட்டு மாற்றும் நாள் எது என்று அது எண்ணத் தெரிந்து வைத்திருக்கிறதாம். இதைச் சாப்பிடும்போது சொன்னாள். தங்கள் படிவத்தில் இதை எழுத இடம் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

17. ஆகவே தங்களிடம் வேண்டுவது:

அ. பிரிவு 18-இக்கு ஓர் அலுவலரைத் தாங்கள் நியமிக்கலாம். அது முடியாதெனில், கையேட்டின் 9ஆம் பக்கம் மேல்முறையீட்டு அலுவலர் எந்த விண்ணப்பத்தையும் தாமே முடிவு செய்யலாம் என்கிறது ("அதிகாரம் – காண்க: மேல்முறையீடு"). தாங்கள் அறையிலிருந்து எழுந்து ஜன்னல் வரை வந்தால் போதும். நான் எண்ணிப் பார்த்தேன்: பதினான்கு அடி.

ஆ. முடிவு மறுப்பாக இருந்தாலும் சரி. நாளை ஐந்து மணிக்குள் அதைச் சொல்லிவிடவும். பரிசீலனை என்ற பெயரில் இரு தரப்பையும், என் மகளையும் அந்த வார்டையும், ஒருசேர நிறுத்தி வைப்பதைவிட மறுப்பு நாகரிகமானது.

இ. எப்படியாயினும் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரவும். அது அவளுடையது.

மற்ற மூன்று விண்ணப்பதாரர்கள் சார்பில் பேச எனக்கு உரிமை இல்லை. ஆயினும் அவர்கள் என் பொருளடைவைப் பார்த்து அந்த ஜன்னலுக்கு வந்து சேர்ந்தவர்கள் என்பதால், அவர்களுடைய தாள்களையும் ஒருமுறை பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு வருந்துகிறேன். எங்களுடையதைத் தாங்கள் எடுத்துக்கொண்டதைவிட இது குறைவு.

இங்ஙனம்,
(ஒப்பம்)
விண்ணப்பதாரரின் தந்தை

இடம்: பொது நூலகம், நூற்பட்டியல் அறை
நாள்: ஆகஸ்ட் 26

இணைப்புகள்:
1. தலைமை மருத்துவரின் அழைப்புக் கடிதம் – 2 பக்கங்கள்.
2. சம்பளம் தர இயலாமை குறித்த மருத்துவமனையின் பதில் – 1 பக்கம்.
3. கையுறை குறித்த தங்கள் அலுவலகத்தின் தீர்மானம் – 1 பக்கம்.
4. இறுதிக் கெடு குறித்த தலைமை மருத்துவரின் கடிதம் – 1 பக்கம்.
5. ஜன்னல் விளிம்பின் புகைப்படம் – 1.
6. மருத்துவமனையிலிருந்து ஆகஸ்ட் 27 மாலை வந்த மின்னஞ்சல் – 1 பக்கம். (மேல்முறையீட்டு மனுக்கள் வியாழக்கிழமை மட்டுமே பெற்றுக்கொள்ளப்படும் என்பதால் ஆகஸ்ட் 28 காலை, மனுவை அளிக்கும்போது சேர்க்கப்பட்டது.) செப்டம்பர் 1 முதல் எட்டு வாரங்களுக்கான இடம் பட்டியலில் அடுத்த மாணவருக்கு அளிக்கப்பட்டுள்ளது.